வாசல் சிமெண்ட் தரையில் விரிசலா, பள்ளமா? நீங்களே சரிசெய்ய ஒரு வழிகாட்டி

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண்ணில் எங்கள் வீடு. கட்டிய மூன்றாம் வருடம் வாசல் தரையில் குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. ஒரு சட்டியில் சிமெண்டைக் கரைத்துப் பால் போல ஊற்றி, மேலே துணியால் தேய்த்துவிட்டேன். மறுநாள் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மாசி வெயில் ஏறியதும் அதே இடத்தில் அதே விரிசல். நான் ஊற்றிய சிமெண்ட் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து கிடந்தது. மூன்று வருடம் இதையே செய்தேன். நான்காம் வருடம்தான் தரைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்க்கத் தோன்றியது.

இங்கே சொல்வதெல்லாம் வீட்டைச் சுற்றித் தரையில் கிடக்கும் கான்கிரீட்டுக்கு மட்டும்: வாசல், பக்கத்துச் சந்து, வண்டி நிறுத்துமிடம், துவைக்கிற கல்லடி. கூரைத் தளம், பீம், தூண் இவற்றில் விரிசல் என்றாலோ, சுவரில் சாய்வாக ஒரு விரிசல் ஓடினாலோ, கான்கிரீட்டில் துருக்கறை தெரிந்தாலோ கரணையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அது நம் வேலை இல்லை.

முதலில் விரிசலோடு கொஞ்ச நாள் இருங்கள்

தரை விரிசலில் மூன்று ஜாதி உண்டு. முதலாவது மயிரிழை விரிசல். கான்கிரீட் போட்ட அன்றே, வெயிலும் காற்றும் மேல் ஈரத்தை வேகமாக உறிஞ்சியதால் வந்திருக்கும். நகம் உள்ளே போகாது, நீளமும் அதிகம் இருக்காது. சும்மா விட்டுவிடலாம். உண்மையாகவே சொல்கிறேன், விட்டுவிடலாம்.

இரண்டாவது, எப்போதோ வந்து அப்படியே நின்றுவிட்ட விரிசல். கான்கிரீட் காயும்போது சுருங்கும். பெரிய தரையை இடைவெளியே விடாமல் ஒரே பாயாகப் போட்டால் அது தனக்கு வேண்டிய இடத்தில் தானே பிளந்துகொள்ளும். பிளந்த பிறகு பெரும்பாலும் அசையாது. இதைத்தான் சிமெண்ட் சாந்தால் அடைக்க முடியும்.

மூன்றாவது, அசைந்துகொண்டே இருக்கும் விரிசல். எங்கள் வீட்டு விரிசல் இந்த ரகம். கரிசல் மண் நீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். தரை அதன் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சித்திரையில் ஒரு ரூபாய் நாணயம் செருகலாம். கார்த்திகையில் பிளேடுகூட நுழையாது. இதில் கெட்டியான சாந்தை வைத்து அடைத்தால் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு விழும், அல்லது சாந்து பெயர்ந்து வரும்.

எது எந்த ரகம் என்று எப்படித் தெரியும்? விரிசலின் இரு முனையிலும் பெயிண்டால் சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நடுவில் விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி வைத்து இடைத்தூரத்தை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டட்டும். முனை நீளவில்லை, இடைத்தூரம் மாறவில்லை என்றால் அது நின்றுவிட்ட விரிசல். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் குறைந்தது இரண்டு மாதமாவது பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விரிசலின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா? ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் கீழே மண் இறங்கியிருக்கிறது. ஒரு பக்கம் தூக்கியிருந்தால் வேராகவோ உப்பிய மண்ணாகவோ இருக்கும். வேப்ப மரமோ வாதா மரமோ ஏழெட்டு அடிக்குள் நின்றால் வேறு துப்பு தேட வேண்டாம்.

ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சுத்தியலும்

சுத்தியலால் தரை முழுக்க ஒரு சாண் இடைவெளியில் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். "ணங்" என்று கேட்டால் நல்ல இடம். "டொப்" என்று கேட்டால் மேல்பூச்சு பிடிப்பு விட்டிருக்கிறது, அல்லது தரைக்கு அடியில் பொந்து இருக்கிறது. டொப் கேட்ட இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். இந்த வட்டங்கள்தான் உங்கள் வேலையின் வரைபடம்.

பிறகு இரண்டு வாளித் தண்ணீரைச் சுவரோரமாக ஊற்றி, அது எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சுவரை விட்டு வெளியே ஓட வேண்டும். சுவர் பக்கமே திரும்பி வந்தாலோ விரிசலுக்குள் மடமடவென்று இறங்கினாலோ, அதுவே நோய். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே கொட்டுகிறது, ஏசி தண்ணீர் எங்கே சொட்டுகிறது, கழிவுநீர்த் தொட்டி கசிகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பல வீடுகளில் தரையை வெட்டிக் குழி எடுத்தார்கள். வேலை முடிந்ததும் குழியைச் சுற்றி மண்ணைச் சும்மா தள்ளி மூடி, மேலே சிமெண்ட் பூசிவிட்டுப் போன இடங்கள் நிறைய. அங்கே தரை உட்காராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தண்ணீர் வரும் வழியை மாற்றாமல் தரையில் எதைச் செய்தாலும் அது அடுத்த ஐப்பசி வரைக்கும்தான்.

சாமான்

உளி, இரண்டு பவுண்டு சுத்தியல், கம்பித் தூரிகை, கரணை, பூச்சைத் தேய்த்துச் சமன் செய்யும் மணியாசுக் கட்டை, ஐந்தடி மட்டப்பலகை, ரசமட்டம், நூல், தண்ணீர் நிரப்பும் டியூப், பழைய பெயிண்ட் பிரஷ். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஈரச் சிமெண்ட் காரத்தன்மை கொண்டது, வெறுங்கையில் நாள் முழுக்க அளைந்தால் விரலிடுக்கு புண்ணாகும். கட்டிங் மெஷின் ஓட்டுகிறீர்கள் என்றால் முகக்கவசம் போடாமல் ஓட்டாதீர்கள், கான்கிரீட் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல. தரையை முன்னதாக நனைத்துக்கொள்ளலாம். ஓடும் மெஷின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. முதல்முறை செய்பவர்களுக்கு நான் உளியைத்தான் சொல்வேன். நேரம் ஆகும், ஆனால் விரல் பத்தும் இருக்கும்.

சிமெண்ட் வாங்கும்போது மூட்டையில் அச்சடித்த வாரத்தையும் வருடத்தையும் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஆனதைத் தொடாதீர்கள். வீட்டில் மிச்சம் கிடக்கும் அரை மூட்டை கட்டி தட்டியிருந்தால் அதுவும் வேண்டாம். கான்கிரீட்டுக்கு எம்-சாண்ட் (கல்லை உடைத்து எடுக்கும் மணல்), மேல்பூச்சுக்கு அதிலேயே நைசான பி-சாண்ட். கடையில் "எஸ்.பி.ஆர்." என்று கேட்டால் வெள்ளைப் பால் போல ஒரு திரவம் தருவார்கள். பழைய கான்கிரீட்டோடு புதியதை ஒட்டவைக்க இதுதான் கை கொடுக்கும், ஒரு லிட்டர் வாங்கினாலே சின்ன வேலைகள் பல முடியும்.

காலம்? தை, மாசி, பங்குனி நல்லது. அக்னி நட்சத்திரத்தில் தொடங்குபவர்கள் சாயங்காலம் போட்டு உடனே மூடுங்கள்.

நின்றுவிட்ட விரிசலை அடைப்பது

விரிசலின் மேலேயே சாந்தைத் தடவினால் உள்ளே போகாது. முதலில் வாயைத் திறக்க வேண்டும். உளியால் விரிசல் நெடுக அரை இன்ச் அகலம், அரை முதல் முக்கால் இன்ச் ஆழத்துக்குக் கொத்துங்கள். ஓரங்கள் நேராக இறங்கட்டும். அடிப்பகுதி மேல்பகுதியை விடக் கொஞ்சம் அகலமாக அமைந்தால் இன்னும் நல்லது, அடைத்த சாந்து வெளியே வராமல் கவ்விக்கொள்ளும். விளிம்பில் ஆடும் துண்டு எதையும் விட்டுவைக்காதீர்கள்.

அடுத்து சுத்தம். கம்பித் தூரிகையால் தேய்த்து, தென்னந்துடைப்பத்தால் கூட்டி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். விரலால் தொட்டால் மாவு ஒட்டக் கூடாது. ஒட்டாத சாந்துக்கெல்லாம் முக்கால்வாசிக் காரணம் இந்த மாவுதான். பாசி இருந்தால் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்கள். வண்டி எண்ணெய்க் கறை உள்ள இடத்தில் கழுவி மட்டும் பயனில்லை, கறை ஊறிய அளவுக்குக் கொத்தி எடுத்துவிட வேண்டும்.

வேலைக்கு முந்தைய நாள் இரவே அந்த இடத்தை நன்றாக நனைத்துவிடுங்கள். பழைய கான்கிரீட் காய்ந்து கிடந்தால் புதுச் சாந்தின் தண்ணீரைக் குடித்துவிடும். ஆனால் பூசும் நேரத்தில் பள்ளத்தில் தண்ணீர் நிற்கவும் கூடாது, துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். ஈரம் இருக்க வேண்டும், மினுமினுப்பு இருக்கக் கூடாது.

இனி எஸ்.பி.ஆர். டப்பாவில் போட்டிருக்கும் அளவில் தண்ணீரும் சிமெண்டும் சேர்த்துக் குழைத்து, பிரஷால் பள்ளத்தின் உள்பக்கமெல்லாம் பூசுங்கள். இங்கேதான் புதியவர்கள் தவறுவது. பூசிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அது காய்ந்து படலமாகிவிட்டால் ஒட்டவைக்கிற பொருளே ஒட்டவிடாத பொருளாகிவிடும். பிசுபிசுப்பு இருக்கும்போதே சாந்தை வைத்துவிட வேண்டும். அதனால் சாந்தை முதலில் கலக்கி வைத்துக்கொண்டு பிறகு பிரஷைக் கையில் எடுங்கள்.

சாந்து ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு சலித்த மணல். கலக்கும் தண்ணீரிலும் கொஞ்சம் எஸ்.பி.ஆர். சேர்க்கலாம். பதம் இப்படி: கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் வழியக் கூடாது. இதைப் பள்ளத்தில் திணித்து, கரணை நுனியால் குத்திக் குத்தி இறுக்கி, மணியாசுக் கட்டையால் தேய்த்துத் தரை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அரை மணி நேரத்தில் தீர்க்கக்கூடிய அளவு மட்டும் கலக்குங்கள். இறுகத் தொடங்கிய சாந்தில் மறுபடி தண்ணீர் ஊற்றி இளக்குவது பழக்கமாகவே ஆகிவிட்ட ஒரு கெட்ட காரியம்.

அசையும் விரிசலுக்கு

இதற்குச் சிமெண்டே வேண்டாம். அரை இன்ச் அகலத்துக்கு நேர்கோடாகத் திறந்து, சுத்தம் செய்து, நன்றாகக் காயவிடுங்கள். இங்கே ஈரம் ஆகாது, மேலே சொன்னதற்கு நேர் எதிர். உள்ளே வட்டமான நுரைக் கயிறு ஒன்றைச் செருகி, மேலே பாலியூரித்தேன் சீலண்ட் என்ற பசையை, அதைப் பிதுக்கும் கருவியால் (கடையில் "சீலண்ட் கன்" என்பார்கள்) நிரப்புங்கள். ரப்பர் போல இழுபட்டுச் சுருங்கும். நுரைக் கயிறு எதற்கு என்றால், சீலண்ட் இரண்டு பக்கச் சுவர்களில் மட்டும்தான் ஒட்ட வேண்டும், அடியிலும் ஒட்டினால் இழுபடும்போது கிழியும். பார்க்க ஒரு கறுப்பு அல்லது சாம்பல் கோடாகத் தெரியும். "ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கே" என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். எங்கள் வாசலில் அந்தக் கோடு இருக்கிறது, அதற்குப் பிறகு அங்கே தண்ணீர் இறங்கவில்லை.

வீட்டுச் சுவரும் வெளித்தரையும் சேரும் இடத்தில் வரும் இடைவெளிக்கும் இதே வைத்தியம்தான். அந்த இடைவெளி வழியாகத்தான் மழைநீர் அஸ்திவாரத்துக்கும் கறையான் வீட்டுக்குள்ளும் போகும்.

பள்ளத்தை மட்டமாக்குவது

"மட்டம்" என்று சொன்னாலும் வெளித்தரைக்கு வேண்டியது வாட்டம். பத்தடிக்கு ஒன்றரை இன்ச் முதல் இரண்டு இன்ச் வரை சுவரை விட்டு வெளியே சரிய வேண்டும். ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில் நின்றால் மழை பெய்த மறுநாள் உங்கள் வாசல் கொசுப் பண்ணை.

டியூபில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒருவர் சுவரோரமும் ஒருவர் வெளி ஓரமுமாகப் பிடித்து ஒரே மட்டத்தைக் குறியுங்கள். வெளிக் குறியிலிருந்து வாட்டத்துக்குரிய அளவைக் கீழே இறக்கி, இரண்டுக்கும் நூல் கட்டுங்கள். நூலிலிருந்து தரைக்கு ஆங்காங்கே அளந்து பார்த்தால் எங்கே எவ்வளவு பள்ளம் என்று தெரிந்துவிடும்.

தட்டினால் ணங் என்று கேட்கிற, அசையாத தரையில் பள்ளம் ஒன்றரை இன்ச்சுக்குள் என்றால் மேலேயே சாந்து போட்டுத் தூக்கலாம். பள்ளத்தின் எல்லையைச் சதுரமாகக் குறித்து, அந்தக் கோட்டில் அரை இன்ச் ஆழத்துக்குக் கொத்தி ஒரு விளிம்பு உண்டாக்குங்கள். பூச்சை ஓரத்தில் தோசை போல மெலிதாக இழுத்து முடித்தால் அந்த மெலிந்த ஓரம் முதல் கோடையிலேயே பெயரும். சதுரத்துக்குள் முழுக்க உளியால் அம்மி கொத்துவது போலப் புள்ளி புள்ளியாகக் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள். பிறகு கழுவுவது, நனைப்பது, எஸ்.பி.ஆர். பூசுவது எல்லாம் முன் சொன்னபடி. ஒன்றரை இன்ச்சுக்கு மேல் போனால் வெறும் சாந்து போடாதீர்கள், அது சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கால் இன்ச் சிப்ஸ் ஜல்லி சேர்த்த கான்கிரீட் போடுங்கள்.

கடையில் "தானே மட்டமாகும்" கலவை என்று ஒன்று விற்பார்கள். அது வீட்டுக்குள் டைல்ஸுக்கு அடியில் போட நல்லது. வாட்டம் வேண்டிய வாசலில் அதற்கு வேலை இல்லை, தண்ணீர் போல ஓடி மட்டமாகத்தான் நிற்கும்.

மேல்பூச்சு முடியும் தறுவாயில் தரைமேல் தண்ணீர் கசிந்து மினுங்கும். அந்த ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த சிமெண்டைத் தூவித் தேய்ப்பதைக் கொத்தனார்களே செய்வார்கள். தயவுசெய்து வேண்டாம். மேலே வழவழவென்று ஒரு தோல் உண்டாகி, அது வலைவலையாக வெடித்து உரியும். அந்த ஈரம் தானாக வற்றும்வரை காத்திருந்து மணியாசுக் கட்டையால் தேய்த்தால் போதும். கடைசியில் தென்னந்துடைப்பத்தை ஒரே திசையில், தண்ணீர் ஓடும் பக்கமாக லேசாக இழுத்துவிடுங்கள். அந்தக் கீறல்தான் மழையில் வழுக்காமல் காக்கும். வயதானவர்கள் உள்ள வீட்டில் வாசலுக்கு நைஸ் பூச்சு கேட்பது ஆபத்தை விலைக்கு வாங்குவது.

உடைத்துத்தான் ஆக வேண்டும் என்றால்

தரை கீழே உட்கார்ந்திருக்கிறது, தட்டினால் எங்கும் டொப், கால் வைத்தால் துண்டு ஆடுகிறது. இந்த நிலையில் மேலே எதைப் போட்டாலும் வீண், பாரம்தான் கூடும். உடைக்கும் முன் அடியில் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின் கேபிள், எர்த் குழி எதுவும் போகிறதா என்று விசாரித்துவிடுங்கள். கேபிள் போகிற சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியன் வந்து பார்க்காமல் உளி வைக்காதீர்கள்.

உடைத்து எடுத்த பிறகு எல்லோருக்கும் அவசரம் கான்கிரீட் மேல்தான் இருக்கும். நீங்கள் மண் மேல் அவசரப்படாமல் இருங்கள். இளகிய மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு கிராவல் கொட்டி, ஆறு இன்ச் ஆறு இன்ச்சாகத் தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடியுங்கள். இரண்டடி மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் கீழே பொலபொலவென்றுதான் இருக்கும். குதிகாலால் ஓங்கி மிதித்தாலும் தடம் விழாத அளவு இறுக வேண்டும். கரிசல் மண் என்றால் ஒன்றரை முதல் இரண்டடி வரை அந்த மண்ணையே வெளியேற்றிவிட்டுக் கிராவல் நிரப்புவது நல்லது. செலவுதான். நான் இதில் சிக்கனம் பார்த்துத்தான் ஒருமுறை உடைத்ததை மறுமுறையும் உடைத்தேன்.

வேர் தூக்கிய இடமா? வேரை வெட்டுவதைவிடத் தரையை விலக்கிக்கொள்வது மேல். மரத்தைச் சுற்றி மூன்றடிக்கு மூன்றடி மண்ணாகவே விடுங்கள்.

இறுகிய மண்மேல் பாலித்தீன் ஷீட் விரித்து, 4 இன்ச் கனத்துக்குக் கான்கிரீட். ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரை பங்கு எம்-சாண்ட், மூன்று பங்கு முக்கால் இன்ச் ஜல்லி. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய 4.4 கன அடி கான்கிரீட் வரும். மூன்றடிக்கு நான்கடி துண்டு ஒன்றை நான்கு இன்ச் கனத்தில் போட ஒரு மூட்டை சரியாக இருக்கும். தண்ணீர் ஒரு மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையுங்கள். தள்ள எளிதாக இருக்கிறது என்று சித்தாள் கூட இரண்டு மக்கு ஊற்றும்போது உங்கள் தரையின் பலம் அந்த இரண்டு மக்கில் கரைந்து போகிறது. பக்கத்திலேயே நில்லுங்கள்.

வீட்டுச் சுவரைத் தொடும் பக்கம் அரை இன்ச் தெர்மோகோல் பட்டையை நிறுத்திவிட்டுப் போடுங்கள். பெரிய தரை என்றால் எட்டடி, பத்தடிக்கு ஒரு இடத்தில் ஒரு இன்ச் ஆழத்துக்கு நேர்கோடு வெட்டிவிடுங்கள். கான்கிரீட் எப்படியும் சுருங்கிப் பிளக்கும். கோடு போட்டுக் கொடுத்தால் கோட்டுக்குள் பிளக்கும். மழைநீர்க் குழியின் மூடியைக் கான்கிரீட்டுக்கு அடியில் புதைத்துவிடாதீர்கள், நான் பார்த்தே இரண்டு வீடுகளில் நடந்திருக்கிறது.

தண்ணீர் காட்டுவது

மேலே தொட்டால் தடம் பதியாத நிலை வந்ததும் நனைத்த கோணிச் சாக்கால் மூடிவிடுங்கள். சாக்கு கிடைக்காவிட்டால் பழைய போர்வை, வைக்கோல் எதுவும் சரிதான். மறுநாள் முதல் ஓரங்களில் மண்ணாலோ மெலிந்த சாந்தாலோ பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம். வாட்டமான தரையில் பாத்தியைச் சின்னச் சின்னதாகக் கட்ட வேண்டியிருக்கும். காலை ஒரு வாளி, மாலை ஒரு வாளி தெளித்துவிட்டு "தண்ணீர் விட்டாச்சு" என்பது கணக்கில் சேராது. நடுவே ஒருமுறை காய்ந்தாலும் நஷ்டம்தான். நம் ஊர் வெயிலுக்குப் பத்து நாள் குறைந்தபட்சம், இப்போது பெரும்பாலும் கிடைக்கும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்குப் பதினாலு நாள் நல்லது. எஸ்.பி.ஆர். கலந்த சாந்துக்கு மட்டும் டப்பாவில் சொன்னபடி செய்யுங்கள், அதை முதலில் ஈரமாக வைத்து, பிறகு காயவிட வேண்டியிருக்கும்.

ஒரு நாள் கழித்து மெதுவாக நடக்கலாம். பைக் ஒரு வாரம் தெருவிலேயே நிற்கட்டும். புதிதாகப் போட்ட தரைமேல் கார் ஏற நான்கு வாரம் பொறுத்தால் நல்லது, முடியவில்லை என்றால் இரண்டு வாரமாவது. முதல் இரவு கோழியையும் பூனையையும் கட்டுப்படுத்த வழி தெரிந்தவர்கள் எனக்கும் சொல்லுங்கள்; எங்கள் வாசலில் ஐந்து பூனைத் தடம் நிரந்தரமாக இருக்கிறது.

முடிந்த பிறகு மறுபடி இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அடைத்த விரிசலின் இரு முனையிலும் புதுக் கோடு போட்டு இன்றைய தேதியை எழுதுங்கள். அடுத்த சித்திரையில் ஸ்கேலை எடுத்துக்கொண்டு அங்கே ஒருமுறை உட்கார வேண்டும்.